நியூயார்க்கின் லிட்டில் இத்தாலி ஏன் காணாமல் போகிறது? சீனர்கள் வந்து நிறைந்ததுதான் காரணமா?

சீனர்கள் காரணம் இல்லை. கனால் தெருவைத் தாண்டி சைனாடவுன் வளர்ந்து வந்து இத்தாலியர்களை விழுங்கிவிட்டது என்ற கதையை நியூயார்க்கிலேயே எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வரும். காலியான வீட்டுக்கு வாடகைக்கு வந்தவனைப் பார்த்து, நீதான் பழைய குடித்தனக்காரனை விரட்டினாய் என்பது போன்ற பேச்சு அது.

நான் ஆறு ஆண்டுகள் கனால் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மதியம் டப்பா சாப்பாட்டை முடித்துவிட்டு, லிட்டில் இத்தாலியின் முக்கியத் தெருவான மல்பெரி தெருவில் கொஞ்ச தூரம் நடப்பது வழக்கம். முதல் சில மாதங்கள் எல்லாமே அழகாகத்தான் தெரிந்தது. பச்சை, வெள்ளை, சிவப்புத் தோரணங்கள், வாசலில் நின்று மெனு அட்டையை நீட்டி உள்ளே கூப்பிடும் சிப்பந்திகள், கேமராவோடு சுற்றுலாக் கூட்டம். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அங்கே இத்தாலி தரைத்தளத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே நாலு மாடி, ஐந்து மாடி என்று வீடுகள் இருக்கின்றனவே, அவற்றில் இத்தாலியர் யாரும் இல்லை. நான் போகும் சீஸ் கடையில் ஒரு பெரியவர் இருந்தார். இதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில்தான் பிறந்தேன் என்று விரலை மேலே காட்டிச் சொன்னார். ஆனால் தினமும் விடியற்காலையில் ஸ்டேட்டன் தீவிலிருந்து காரில் வந்துதான் கடை திறப்பார். மேலே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது தம்பி என்பது போலக் கையை விரித்தார், ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் மாறுகிறார்களாம்.

அவர் கையை விரித்ததற்கான கணக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 1950-ல் அந்தப் பகுதியின் நடுப்பாகத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இத்தாலிய வம்சாவளி, 2,149 பேர் இத்தாலியிலேயே பிறந்தவர்கள். 2000-ல் இத்தாலியில் பிறந்தவர்கள் 44 பேர். 2010 டிசம்பரில் வெளியான கணக்கெடுப்பு வாரியத்தின் மாதிரி ஆய்வில் அந்த எண் பூஜ்யம். ஓர் ஆள்கூட இல்லை. வம்சாவளியினர் என்று பார்த்தாலும் நூற்றுக்கு ஐந்து பேர்தான். இதில் வேதனை என்னவென்றால், சைனாடவுனையும் லிட்டில் இத்தாலியையும் சேர்த்து வரலாற்றுச் சிறப்புமிக்க பகுதி என்று தேசியப் பதிவேட்டில் சேர்த்ததும் அதே 2010-ல்தான்.

சரி, இது எப்படி நடந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1880 முதல் 1924 வரை சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பாலும் தென் இத்தாலிக்காரர்கள், நிலம் இல்லாதவர்கள், சிசிலியிலிருந்தும் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்தும் கலாப்ரியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் இத்தாலியர் என்ற எண்ணமே கப்பல் ஏறிய பிறகு வந்ததுதான். சொந்த ஊர்தான் அவர்களுக்கு நாடு. ஊர்க்கோவில் மணிக்கூண்டின் சத்தம் கேட்கும் தூரம்வரைதான் நம் ஆட்கள் என்ற அந்தப் பற்றுக்கு 'கம்பனிலிஸ்மோ' என்று அவர்கள் மொழியிலேயே ஒரு பெயர் உண்டு. அதனால் மல்பெரி தெருவில் நேப்பிள்ஸ்காரர்கள், எலிசபெத் தெருவில் சிசிலிக்காரர்கள் என்று தெரு தெருவாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். இத்தனைக்கும் அந்த இரண்டு தெருக்களுக்கும் இடையில் ஒரே ஒரு தெருதான். ஒண்டுக்குடித்தன வீடுகள், சமையலறையில் குளிக்கும் தொட்டி, பல குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை. கோவிலிலும் மரியாதை இல்லை. மாட் தெருவில் டிரான்ஸ்ஃபிகரேஷன் என்று ஒரு கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது, அப்போது அது ஐரிஷ்காரர்கள் கையில் இருந்தது. இத்தாலியர்களுக்குத் தனியாகக் கீழே நிலவறையில்தான் பூசை. மேலே வரக்கூடாது.

இந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அங்கே பிறந்தவர்கள் முதலில் ஆசைப்பட்டதே அங்கிருந்து கிளம்பத்தான்.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து வரத்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், நிறைந்தால் கலிங்கு வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஏரி மட்டும் அப்படியே இருப்பது போலத் தெரியும். லிட்டில் இத்தாலியும் அப்படித்தான் இருந்தது. நாலு காசு பார்த்தவர்கள் நகரின் மற்ற பகுதிகளான புரூக்ளினுக்கோ பிராங்ஸுக்கோ போனார்கள், அவர்கள் விட்ட அறைக்கு அடுத்த கப்பலில் வந்தவர்கள் வந்தார்கள். 1924-ல் அந்த வரத்து வாய்க்காலை அடைத்தார்கள். அந்த ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம் இத்தாலிக்கு ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் குறைவான இடங்களைத்தான் ஒதுக்கியது. முதல் உலகப் போருக்கு முன்னால் சில ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்துகொண்டிருந்த இடத்தில் நாலாயிரம்! தென் இத்தாலியர்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் தாழ்ந்த இனம் என்று கருதி, அவர்களை நிறுத்தவே போடப்பட்ட சட்டம் அது. என் பார்வையில் லிட்டில் இத்தாலியின் சாவு அந்த ஆண்டில் எழுதப்பட்டுவிட்டது, தண்ணீர் வற்றித் தரை தெரிய இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின, அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். முசோலினியின் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால், குடியுரிமை வாங்காத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் சட்டப்படி எதிரி நாட்டவர் ஆனார்கள். எதிரியின் மொழியைப் பேசாதீர்கள் என்று அரசே சுவரொட்டி ஒட்டியது. 1942 அக்டோபரில் அந்த எதிரி முத்திரையை எடுத்துவிட்டார்கள், ஆனால் வீட்டுக்குள் பயம் நுழைந்தால் நுழைந்ததுதான். பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசத் தொடங்கிய குடும்பங்கள் ஏராளம். போர் முடிந்து திரும்பிய பையன்களுக்கு அரசு வீட்டுக்கடனும் படிப்புச் செலவும் கொடுத்தது. அந்தக் கடனில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய நெருக்கடியான நகரப் பகுதிகளை முப்பதுகளிலேயே வரைபடத்தில் சிவப்பு மை பூசி, இங்கே கடன் கொடுத்தால் ஆபத்து என்று குறித்து வைத்திருந்தார்கள். ஆக, பிறந்த தெருவில் பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்ய நினைப்பவனுக்குக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு, லாங் ஐலண்டில் புதிதாகக் கட்டிய லெவிட்டவுன் போன்ற புறநகர்களுக்குப் போகிறவனுக்கு உடனே கிடைக்கும். யார்தான் தங்குவார்கள்? 1964-ல் புரூக்ளினையும் ஸ்டேட்டன் தீவையும் இணைத்து வெராஸானோ பாலம் திறந்ததும் (ஓர் இத்தாலிய மாலுமியின் பெயர்தான்) அந்தத் தீவுக்குப் போனவர்கள் கணக்கில்லை. என் சீஸ் கடைப் பெரியவரின் குடும்பமும் அப்படிப் போனதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. இந்தக் கதவு இத்தாலியர்களுக்குத் திறந்தது, கறுப்பர்களுக்குத் திறக்கவில்லை. லெவிட்டவுனில் கறுப்பர்களுக்கு வீடு விற்கவே மாட்டோம் என்றார்கள். 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் 11 இத்தாலியர்களைக் கும்பல் கூடிக் கொன்ற அதே நாடு, அறுபது ஆண்டுகளுக்குள் அவர்களை வெள்ளையர் வரிசையில் சேர்த்துக்கொண்டது. அந்த வரிசையில் இடம் கிடைத்ததால்தான் அவர்களால் கிளம்ப முடிந்தது.

இப்போது சீனர்களுக்கு வருகிறேன். அவர்களுடைய வாய்க்காலை 1882-லேயே சட்டம் போட்டு அடைத்திருந்தார்கள். 1943-ல் திறந்தபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்று ஒரு சின்ன ஓட்டைதான். 1965-ன் புதிய சட்டம்தான் இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது. ஆனால் அதற்குள் இத்தாலி மாறிவிட்டது, மிலானிலும் டூரினிலும் தொழிற்சாலை வேலை இருந்தது, அட்லாண்டிக்கைத் தாண்டும் அவசியம் பலருக்கு இல்லை. வந்த கொஞ்சப் பேரும் புரூக்ளினின் பென்சன்ஹர்ஸ்டுக்குப் போனார்கள், மல்பெரி தெருவின் பழைய மாடிகளுக்கு அல்ல. சீனக் குடும்பங்களுக்கு இடம் வேண்டியிருந்தது, கனால் தெருவுக்கு வடக்கே அறைகள் காலியாக இருந்தன. நடந்தது இவ்வளவுதான்.

எல்லா இத்தாலியப் பகுதிகளும் இப்படி மெதுவாக வற்றவில்லை, சிலவற்றைக் கொன்றார்கள். பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் அப்படி ஒன்று. இத்தாலியர்கள் அதிகம், கூடவே யூதர்களும் போலந்துக்காரர்களும் வாழ்ந்த இடம். அதைச் சேரி என்று அறிவித்து 1958 முதல் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கினார்கள், சுமார் 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அங்கே பணக்காரர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. சாலையோரம் ஒரு பலகை வைத்தார்கள்: நீங்கள் இங்கே குடியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்று. நெரிசலில் நிற்கும் கார்க்காரர்களுக்கான விளம்பரம்தான். ஆனால் அதே நெரிசலில் அந்த மண்ணில் பிறந்து விரட்டப்பட்டவர்களும் நின்றிருப்பார்களே என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரியும். மார்க் ஃபிரைட் என்ற உளவியலாளர் அந்தக் குடும்பங்களைச் சந்தித்து ஆராய்ந்தார், ஈராண்டு கழித்தும் பலர் வீட்டில் சாவு விழுந்தது போன்ற துக்கத்திலேயே இருந்ததை எழுதினார். மன்ஹாட்டனிலும் புரூம் தெரு வழியாக ஒரு விரைவுச் சாலை போட, நகரின் கட்டுமானத் திட்டங்களைக் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டம் வைத்திருந்தார். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் அந்தப் பகுதி மக்களும் போராடி அறுபதுகளில் அதை நிறுத்தினார்கள். தெரு பிழைத்தது. காப்பாற்றிய தெருவில் குடியிருக்கத்தான் ஆள் மிஞ்சவில்லை.

டொராண்டோவில் என் மனைவியின் சொந்தங்கள் இருப்பதால் அங்கே அடிக்கடி போவேன். அங்கே இத்தாலியர்களின் பெரிய அலை போருக்குப் பிறகு, ஐம்பது அறுபதுகளில்தான் வந்தது, ஆகவே வற்றுவதும் ஒரு தலைமுறை தள்ளி நடக்கிறது. 1982-ல் இத்தாலி உலகக் கோப்பை கால்பந்தை வென்றபோது செயின்ட் கிளேர் சாலையில் லட்சக்கணக்கானோர் இறங்கிக் கொண்டாடினார்கள். அவர்களில் பலரின் குடும்பம் இன்று வடக்கே வுட்பிரிட்ஜ் புறநகரில். அந்தக் கதையைக் கேட்ட என் மைத்துனர், நாம் தமிழர்களும் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து புறநகரான மார்க்கமுக்கும் ஏஜாக்ஸுக்கும் அப்படித்தானே போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். அதன் பிறகு அந்த மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசி அடி வாடகை. தொண்ணூறுகளில் வீட்டுத் தரகர்கள் வடக்குப் பாதிக்கு நோலீட்டா (லிட்டில் இத்தாலிக்கு வடக்கே என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று புதுப் பெயர் வைத்தார்கள், பெயர் மாறினால் வாடகையும் மாறும். 2015-ல் 85 வயதுப் பாட்டி ஒருவரை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மாதம் 820 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தார், கேட்டது 3,500. அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் இத்தாலிய அமெரிக்க அருங்காட்சியகம். எஞ்சியிருந்த கடைசி மனிதர்களில் ஒருவரை அவர்கள் வரலாற்றைக் காக்க வந்த அமைப்பே வெளியே அனுப்பியதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 1892-ல் தொடங்கிய அல்லேவா சீஸ் கடையும் கொரோனா காலத்து வாடகைப் பாக்கியில் சிக்கி 2023-ல் தான் இருந்த தெருமூலையை விட்டுப் போனது.

என்ன போய்விட்டது என்று கேட்டால், சாப்பாடு போகவில்லை, அது உலகம் பூராவும் கிடைக்கிறது. போவது பேச்சு. நியூஜெர்சியில் வயதானவர்கள் மொத்சரெல்லாவை 'முட்ஸரேல்' என்பார்கள், ரிக்கோட்டாவை 'ரிகோட்' என்பார்கள், கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிட்டு. பலர் அதைக் கொச்சை என்று கேலி செய்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தென் இத்தாலிய வட்டார வழக்கு அது. இத்தாலியிலேயே பள்ளிக்கூடமும் தொலைக்காட்சியும் பொதுமொழியைப் பரப்பி அந்த வழக்குகளைத் தேய்த்துவிட்டன, கப்பலேறியவர்களின் பேரன்கள் வாயில் அது சீஸ் பெயராக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திருவிழாவும் முழுக்கப் பொய் ஆகிவிடவில்லை. 1926-ல் நேப்பிள்ஸ்காரர்கள் ஒருநாள் விழாவாகத் தொடங்கிய, அவர்கள் ஊர்க் காவல் புனிதர் சான் ஜென்னாரோவின் விழா இப்போது செப்டம்பரில் 11 நாள், பெரும்பாலும் சாசேஜ் புகையும் பொம்மைக் கடைகளும்தான். ஆனால் புனிதரின் சொரூபம் வெளியே வரும் அன்று போய்ப் பாருங்கள். நம்மூர் நோட்டு மாலை போல டாலர் குத்திய ரிப்பன்கள் தொங்க அது தெருவில் வரும்போது, எங்கெங்கோ புறநகரிலிருந்து வந்த பாட்டிகள் தாங்கள் பிறந்த வாசற்படிக்கு நேராகப் போய் நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

உயிருள்ள இத்தாலியக் கடைத்தெரு பார்க்க வேண்டுமென்றால் பிராங்ஸில் ஆர்தர் அவென்யூவுக்குப் போங்கள். தள்ளுவண்டிக்காரர்களைத் தெருவிலிருந்து உள்ளே கொண்டுவர 1940-ல் மேயர் லகார்டியா திறந்த சந்தை இன்றும் நடக்கிறது. பல கடைகளை இப்போது அல்பேனியர்கள் நடத்துகிறார்கள், இத்தாலி வழியாக வந்து இத்தாலிய மொழி கற்றவர்கள் அவர்களில் நிறைய உண்டு.

மன்ஹாட்டனில் நேரம் குறைவு என்றால் மல்பெரி தெரு உணவகங்களில் உட்காராமல், நான் முதலில் சொன்ன அந்த மாட் தெருக் கோவிலுக்கு நடந்து போங்கள். இத்தாலியர்களை நிலவறைக்கு அனுப்பிய அதே கோவில். முதல் உலகப் போரில் இறந்த பங்கு மக்களின் பெயர்களைப் பொறித்த பலகை வெளிச்சுவரில் இருக்கும், கிட்டத்தட்ட எல்லாமே இத்தாலியப் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமை போனால், அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கான்டனீஸ் மொழிப் பூசையின் பாட்டு கேட்கும்.