குன்னூர் வர்க்கிக் கடை எண்ணுக்கு வரும் தொல்லை

கடைப் போர்டில் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டதிலிருந்து, வர்க்கி வாங்கிப் போனவர்கள் கண்ட குரூப்பில் எல்லாம் சேர்க்கிறார்கள், ராத்திரி 11 மணிக்கும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணை மட்டும் மாற்றாதீர்கள், சீசன் ஆர்டர் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, அதில் ‘குரூப்ஸ்’. ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று வையுங்கள். மற்றவர்கள் இன்வைட் அனுப்பலாம், அவ்வளவுதான்.

அங்கேயே ‘கால்ஸ்’ இருக்கும். 2023இல் வந்த ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ அதற்குள் இருக்கிறது. போட்டால் தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் காலுக்கு மணி அடிக்காது. ஆனால் யார் கூப்பிட்டார்கள் என்பது பட்டியலில் நிற்கும். காலையில் அடுப்பு மூட்டிவிட்டு நிதானமாகப் பார்த்து, ஆர்டர்காரர்களைத் திருப்பிக் கூப்பிடுங்கள். சாதாரண போன் காலுக்கு இது செல்லாது.

அப்புறம், டிபியில் பிள்ளைகள் படம் இருந்தால் வர்க்கித் தட்டுப் படத்தை வையுங்கள். நானும் அதைத்தான் செய்தேன்.