வெட்டிய மணல் ஏன் திரும்பி வருகிறது?

கே: அடையாறு முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது. பொக்லைன் வந்து வெட்டிவிட்டுப் போகிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் மூடிவிடுகிறது. இன்னும் ஆழமாக வெட்டினால் தீராதா?
– வாசகர், பட்டினப்பாக்கம்

ப: தீராது. சென்னைக் கரை மணலுக்கு ஓரிடத்தில் இருக்கும் வழக்கமே கிடையாது. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் விழுகின்றன. ஏறுகிற நீர் மணலைச் சாய்வாகத் தள்ளிக்கொண்டு போகிறது. இறங்குகிற நீரோ சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் இந்த ஓட்டம் திரும்பும். ஆனாலும் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நம்பாதவர்கள் மெரினாவைப் பார்க்கலாம். 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்குக் கற்சுவர் எழுப்பத் தொடங்கியதும், வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கிக் கடற்கரை அகன்றது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்றைக்கு அங்கே கருங்கல் கொட்டிக் காவல் காக்கிறோம்.

அடையாற்று வாயிலும் நடப்பது இதுவே. பெசன்ட் நகர்ப் பக்கத்திலிருந்து ஒரு மணல் நாக்கு வடக்கே நீளும். அதை அரித்துத் தள்ள ஓடும் நீர் வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலையை ஆறு செய்துவிடும். மற்ற மாதங்களில் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, விட்டால் வேறு ஆள் இல்லை. ஏற்றத்தில் உள்ளே புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியே பாயும்போதுதான் வாய் சுத்தமாகும். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட, ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே உள்ளே நீர் பரவ எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கழிமுகத்தில் வண்டல் மேடிட்டு, கரையோரம் தூர்ந்து, ஆக்கிரமிப்பும் சேர்ந்துகொண்டால் உள்ளே வரும் நீர் குறையும். வெளியேறும் வேகமும் குறையும். வயிறு சுருங்கிவிட்ட பிறகு வாயை அகலமாகக் கிழித்து என்ன பயன்?

அடுத்த முறை பொக்லைன் வரும்போது, வெட்டிய மணலை எங்கே கொட்டுகிறார்கள் என்று நின்று கவனியுங்கள். வாயின் தெற்கு ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த சில வாரங்களில் அதே மணலுக்கு மீண்டும் கூலி கொடுக்க வேண்டியதுதான். அதை வடக்கே, உங்கள் சீனிவாசபுரம் கரையில் கொட்டலாம். அலை வீட்டு வாசலைத் தொடும் அந்த இடத்துக்குத்தான் அது போய்ச் சேர வேண்டிய மணல்.

கே: வெள்ளாற்றில் மழை முடிந்த சமயத்தில் மேல் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை. ஆனால் அடியில் உப்பு என்கிறார் என் மாமனார். ஒரே ஆற்றில் இரண்டு தண்ணீரா?
– வாசகி, பரங்கிப்பேட்டை

ப: மாமனார் சொல்வது சரி. ஆயிரம் லிட்டர் நன்னீர் ஆயிரம் கிலோ என்றால், கடல்நீர் சுமார் 1,025 கிலோ. கனமான கடல்நீர் ஆற்றின் அடியில் ஆப்புப்போல உள்ளே நுழையும். ஆற்றுநீர் அதன் முதுகில் ஏறிக் கடலுக்குப் போகும். அலையும் ஓதமும் பலமாகக் கலக்கிவிடாதவரை இரண்டும் தனித்தனியாகவே இருக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் தக்கையால் மூடி, கழுத்தில் ஒரு கயிறும் தக்கையில் ஒரு கயிறும் கட்டுங்கள். அடியில் நல்ல கனமான கல். படகிலிருந்து இறக்கி, தரை தட்டியதும் கொஞ்சம் தூக்கி, தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுங்கள். குமிழி வருவது நின்றதும் மேலே எடுத்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிடுங்கள். கரையோரத்து ஆழ்குழாய்க் கிணறுகள் உப்பாவதிலும் பெரும்பாலும் இந்தக் கனக் கணக்குக்குப் பங்கு உண்டு. மேலே இருக்கும் நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழிருந்து உப்புநீர் ஏறும்.

கே: ஒவ்வோர் ஏழாவது அலையும் பெரியது என்பது உண்மையா?
– வாசகர், நாகப்பட்டினம்

ப: இல்லை. பெரிய அலைகள் கூட்டமாக வரும் என்பது மட்டும் உண்மை. அந்தக் கூட்டத்துக்கு ஏழு, எட்டு என்ற கணக்கெல்லாம் தெரியாது.

கே: காற்றே இல்லாத நாளில் எங்கள் ஊரில் கடல் திடீரென்று ஏறி வள்ளங்களைப் புரட்டிவிட்டது. புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. எப்படி?
– வாசகர், குளச்சல்

ப: புயல் இருந்தது, உங்கள் ஊரில் இல்லை, அவ்வளவுதான். கள்ளக்கடல் என்று உங்கள் கரையில் சொல்வது இதைத்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் பெருங்காற்று நீண்ட அலைகளைக் கிளப்பிவிடுகிறது. அவை மணிக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நான்கைந்து நாள் பயணம் செய்து வந்து சேர்கின்றன. நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு மெல்லிய ஏற்ற இறக்கமாகத்தான் தெரியும். கரை ஆழம் குறையக் குறைய அலை உயர்ந்து, நெடுநேரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். அதே நேரத்தில் ஓத ஏற்றமும் சேர்ந்துவிட்டால் நீர் தெருவுக்கே வரும்.

கையில் கடிகாரம் இருந்தால் ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடைவெளி பாருங்கள். வழக்கமாக எட்டு, பத்து விநாடி இருக்கும் கரையில் அது பதினைந்தைத் தாண்டினால், கடல் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. அது வந்தால் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.