ஒரிஜினல் போய்விட்டது, கேஷ் (cache) மட்டும் இருக்கிறது: கோர்ட்டில் செல்லுமா?

கேள்வி: நான் மதுரையில் தனியாகத் தொழில் செய்யும் போட்டோகிராபர். 2023 சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கியபோது நான் எடுத்த படத்தை ஒரு காலண்டர் நிறுவனம் என்னைக் கேட்காமலே அச்சடித்து விற்கிறது. போன் செய்தால், "கோயில் திருவிழாதானே, சாமி படத்துக்கு என்ன உரிமை? நீங்கள்தான் எடுத்தீர்கள் என்றால் ஒரிஜினலைக் காட்டுங்கள்" என்கிறார்கள். ரா ஃபைல்கள் (கேமரா பதிவு செய்த மூல ஃபைல்கள்) இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் கீழே விழுந்து கெட்டுவிட்டது. மெமரி கார்டைப் பலமுறை ஃபார்மட் செய்தாகிவிட்டது. பழைய லேப்டாப்பில் லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளைத் திறந்தால் படம் தெரிகிறது, ஆனால் ஃபைல் காணவில்லை என்று வருகிறது. கேஷிலிருந்து, அதாவது கம்ப்யூட்டர் தானே சேர்த்து வைத்த தற்காலிக நகலிலிருந்து, ஒரு டூல் போட்டுப் படத்தை எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். அது கோர்ட்டில் செல்லுமா?

பதில்: செல்லும். ஆனால் நண்பர் சொல்லும் வழியில் எடுத்தால் நீங்களே உங்கள் கேஸைப் பாதி கெடுத்துக்கொள்வீர்கள். அதனால் முதல் வேலையாக அந்த லேப்டாப்பை அணைத்து எடுத்து வையுங்கள். இன்னொரு முறை லைட்ரூமைத் திறந்து "படம் இருக்கிறதா" என்று பார்க்கவும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். லைட்ரூம் கிளாசிக் உங்கள் படங்களின் பிரிவியூக்களை, அதாவது திரையில் காட்டுவதற்கான நகல்களை, ‘பிரிவியூஸ்.எல்ஆர்டேட்டா’ என்று முடியும் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கிறது. நண்பர் சொல்லும் கேஷ் இதுதான். ஒரே படம் அங்கே பல அளவுகளில் ஜேபெக்காக இருக்கும். முழு அளவு பிரிவியூவைக் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தானே அழிக்கும் அமைப்பும் அதில் உண்டு, நாம் மாற்றாவிட்டால் அது 30 நாள். லேப்டாப் சும்மா கிடந்ததால் தப்பித்திருக்கும் ஒரு முழு அளவு பிரிவியூ, நீங்கள் ஆசையாகத் திறந்து பார்க்கப்போய் அழிந்துவிடலாம். மேலும் திறக்கும் ஒவ்வொரு முறையும், படங்களின் விவரங்களை லைட்ரூம் குறித்து வைக்கும் கேட்லாக் ஃபைலில் ஏதாவது எழுதப்படும். பிறகு "கேஸ் போடுவதற்கு முன்னால் இந்த ஃபைல் மாறியிருக்கிறதே, அதில் என்ன செய்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார். அந்தக் கேள்விக்கே நாம் இடம் கொடுக்க வேண்டாம்.

சட்டம் இங்கே உங்களுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம், 57-வது பிரிவின் விளக்கத்தில், ஒரு மின்னணுப் பதிவு கம்ப்யூட்டருக்குள் பல இடங்களில் சேமிக்கப்பட்டிருந்தால், தானாகச் சேமிக்கப்பட்ட ஒவ்வொன்றும், தற்காலிக ஃபைல்கள் உட்பட, முதல்நிலைச் சான்று என்கிறது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் இப்படி வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை. "கேஷ் என்பது வெறும் நிழல், ஒரிஜினல் இல்லாமல் பேசாதே" என்று வாயை அடைக்கப் பார்ப்பவர்களுக்கு இதுவே பதில். பிரிவியூ என்பது ரா ஃபைலிலிருந்து உருவான வேறொரு பதிவு, அதே பதிவு அல்ல என்று அவர்கள் வாதாடத்தான் செய்வார்கள். அதனால் இந்த ஒரு விளக்கத்தை மட்டும் நம்பி நான் கேஸ் நடத்த மாட்டேன். மின்னணுப் பதிவுகளுக்கு அதே சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்த்தே தாக்கல் செய்வேன்.

அந்தச் சான்றிதழுக்கு இப்போது இரண்டு பகுதி. முதல் பகுதியில் லேப்டாப்பைக் கையில் வைத்திருப்பவராகிய நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பை, அதாவது ஃபைலின் கைரேகை போலக் கணக்கிட்டு எடுக்கும் எண்ணை, குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். சான்றிதழ் இல்லாமல் நகலைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவை வைத்துத் தெளிவாகவே சொல்லிவிட்டது: அது கட்டாயம்.

சரி, நிபுணர் என்ன செய்ய வேண்டும்? டிஸ்கைக் கழற்றி, அதில் எதுவும் எழுத முடியாதபடி தடுக்கும் கருவி வழியாக இணைத்து, முழு டிஸ்குக்கும் நகல் எடுத்து, ஹாஷ் கணக்கிட்டு, அந்த நகலில்தான் வேலை செய்ய வேண்டும். எடுத்த ஒற்றை ஜேபெக்கை மட்டும் உங்களிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பிரிவியூ ஃபோல்டர், கேட்லாக் ஃபைல் இரண்டும் முழுசாக வேண்டும். படம் மங்கலாக இருக்கிறதே என்று ஏஐ வைத்துத் தெளிவாக்கி நோட்டீஸோடு இணைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த ஒரு படமே மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

இன்னொன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். கேஷில் படம் இருப்பது, அந்தப் படம் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது என்பதைத்தான் நிரூபிக்கும், நீங்கள் எடுத்தீர்கள் என்பதை அல்ல. "இவரும் நெட்டிலிருந்து இறக்கியிருக்கலாமே" என்பார்கள். விண்டோஸ் சிறு படங்களைச் சேர்த்து வைக்கும் தம்ப்கேஷ் ஃபைலில் இதே படம் கிடைத்தாலும் அதே நிலைமைதான், அதில் படம் சிறிதாக இருக்கும், ஃபைலின் பெயர்கூட இருக்காது. லைட்ரூம் கேட்லாக் அப்படியல்ல. அது ஒரு டேட்டாபேஸ். எடுத்த நேரம், கேமரா மாடல், பெரும்பாலும் கேமராவின் சீரியல் எண், ரா ஃபைல் எந்த ஃபோல்டரில் இருந்தது, எப்போது என்ன எடிட்டிங் செய்தீர்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அந்த சீரியல் எண்ணும் உங்கள் கேமரா பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், அப்புறம் நெட்டிலிருந்து இறக்கினார் என்ற பேச்சு எடுபடாது.

அதைவிட வலுவானது, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் எடுத்தவை. அழகர் தங்கக் குதிரையில் ஆற்றுக்குள் வரும்போது யாரும் ஒரே ஒரு கிளிக்கோடு நிறுத்தமாட்டார்கள். காலண்டரில் வந்த படத்தில் தண்ணீர் பீய்ச்சும் பக்தரின் தோப்பரை என்ற தோல் பை ஓர் ஓரத்தில் தெரிகிறது என்றால், அதற்கு அரை நொடி முந்தைய படத்தில் அவர் அதைத் தூக்கிக்கொண்டிருப்பார், அடுத்ததில் கையை இறக்கியிருப்பார். அந்த இரண்டு படங்களும் காலண்டர்க்காரரிடம் இருக்க வழியே இல்லை. ஒரிஜினல் இல்லாமலும் எடிட் செய்ய லைட்ரூம் வைக்கும் ஸ்மார்ட் பிரிவியூ உருவாக்கியிருந்தீர்கள் என்றால் இன்னும் நல்லது, அது நீளப் பக்கம் 2560 பிக்சல் வரை இருக்கும், நீங்கள் கிராப் செய்து வெட்டிய பகுதியும் அதில் இருக்கும். காலண்டர் படத்தில் இல்லாத ஓரங்களை நீங்கள் காட்டினால் நீதிபதிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கேமராவின் கடிகாரத்தில் நேரம் தவறாக வைத்திருந்தீர்களா என்பதை மட்டும் இப்போதே என்னிடமோ உங்கள் வக்கீலிடமோ சொல்லிவிடுங்கள்.

இனி உரிமை விஷயம். திருவிழா பொதுவானது, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். ஆனால் நீங்கள் எடுத்த அந்தப் படம் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உங்களுடையது, பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. விடிய விடிய ஆற்றுமணலில் இடம் பிடித்து நின்று எடுத்தவரிடம் "சாமி படத்துக்கு என்ன உரிமை" என்று கேட்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத்தான் வரவழைக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அன்று யாராவது பணம் கொடுத்து அவர்களுக்காக எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 17-வது பிரிவின்படி படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான். சொந்த ஆர்வத்தில் போயிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வழக்கை உங்கள் ஊரிலேயே, மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம், 62-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. தடை உத்தரவு, நஷ்டஈடு, அவர்கள் சம்பாதித்த லாபத்துக்குக் கணக்கு என மூன்றையும் கேட்கலாம். பதிப்புரிமை இருப்பது தெரியாது, அப்படி நம்ப நியாயமான காரணமும் இல்லை என்று அவர்கள் நிரூபித்தால் நஷ்டஈடு கிடைக்காது, தடை உத்தரவும் லாபம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோதான். அதனால் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குப் பிறகு அச்சடிப்பதற்கு அந்தச் சாக்கு இருக்காது. அவசரத் தடை கேட்காமல் நஷ்டஈடு மட்டும் கேட்டு, தொகையும் 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வணிக நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரசத்துக்குப் போக வேண்டியிருக்கும். வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலவரம்பையும் மறக்கவேண்டாம்.

இந்த வாரமே கடையில் பில் வாங்கிக்கொண்டு அந்தக் காலண்டரை மூன்று பிரதிகள் வாங்குங்கள், பில்லில் தேதி இருக்க வேண்டும். கீழே விழுந்த அந்த எக்ஸ்டர்னல் டிஸ்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், லேப்டாப்போடு சேர்த்து நிபுணரிடம் கொடுங்கள். தகடு சேதமாகாமல் இருந்தால் ரா ஃபைல்களே கிடைக்கலாம்.