வாசகர் கேள்வி பதில்: காப்பு கட்டுறதுக்கு முன்னாடி ரூஃப் போட்டுடலாமா?

கேள்வி: எங்களுக்கு சிவகங்கை பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை, வீட்டு வேலைய நான்தான் நின்னு பாக்குறேன். ஏசி இல்லாம குளுகுளுன்னு இருக்குற மாதிரி பேசிவ் சோலார் வீடு (மெஷின் இல்லாம வெயிலயும் நிழலயும் வச்சே சூட்ட கட்டுப்படுத்துறது) கட்டணும்னு அவருக்கு ஆசை, எங்கயோ படிச்சுட்டு தெக்குப் பக்கம் பூரா பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்கணும்ங்கிறார். பேஸ்மென்ட் முடிஞ்சு சுவர் ஏறிட்டிருக்கு. இதுல பங்குனிப் பொங்கல் வருது, முளைப்பாரி கும்மிக்கு பொண்ணுங்கள பழக்குற பொறுப்பு என்கிட்டதான். காப்பு கட்டிட்டா ஊர்ல யாரும் வேலை பாக்க மாட்டாங்க, அதுக்குள்ள ரூஃப் போட்டுடலாம்னு கொத்தனார் அவசரப்படுத்துறார். இந்த ஒரு வருஷம் கும்மிய விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்.
(வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: விடாதீங்க சகோதரி. வீட்டு வேலை ஒரு மாசம் தள்ளிப்போனா சிமென்ட் விலை கொஞ்சம் ஏறலாம், அவ்வளவுதான். கும்மிப் பாட்டு அப்படி இல்ல, ஊர்ல பெரும்பாலும் அது எழுத்துல கிடையாது, நாலஞ்சு பெரியம்மாக்கள் மனசுலதான் இருக்கு, ஒரு வருஷம் விட்டா கத்துக்க வேண்டிய பொண்ணு காலேஜுக்கோ கல்யாணமாகியோ வெளியூர் போயிடும், அடுத்த வருஷம் வட்டத்துல நிக்கவே ஆள் குறைஞ்சிடும். கும்மி பழகுறது பொழுது சாஞ்சப்புறம், கொத்தனார் அதுக்குள்ள கை கால் கழுவிட்டு கிளம்பிடுவார், அதனால தினசரி நேரத்துல ரெண்டும் மோதவே மோதாது. மோதுறது ரூஃப் தேதி மட்டும்தான்.

காப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி கான்க்ரீட் போட்டுட்டு எல்லாரும் திருவிழாவுக்குப் போயிட்டா அந்த ஸ்லாப்புக்கு யார் தண்ணி விடுவா? பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட்னா குறைஞ்சது 10 நாள் ஈரம் காயாம இருக்கணும், பங்குனி வெயிலுக்கு 14 நாள் விட்டா நல்லது. மொட்டை மாடியில பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், முளைப்பாரிக்கும் அன்னதானத்துக்கும் தண்ணி தேவைப்படுற அதே நாள்ல உங்க மோட்டாரும் ஓடணும். வேணாம். லிண்டல் மட்டத்துக்கு (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற உத்தரம்) சுவர ஏத்தி சன்ஷேட்டையும் போட்டு நிறுத்தச் சொல்லுங்க, அதுக்கு ஈரச் சாக்கு போட்டு காயாம அப்பப்ப நனைச்சு விட்டாலே போதும் (காப்பு நாள்ல இது பண்ணலாமான்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க). ரூஃப் திருவிழா முடிஞ்சு, ஆளுங்க திரும்பி வந்தப்புறம் போடலாம்.

இப்ப கண்ணாடி ஜன்னலுக்கு வரேன், இதுதான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. தெக்குப் பக்கம் பூரா கண்ணாடி வைக்கிறது குளிர் ஊர் முறை. லடாக்ல குளிர்காலத்து சூட்ட பகல்ல உள்ள வாங்கி, கனமான சுவர்ல தேக்கி ராத்திரிக்கு வச்சுக்குவாங்க. நமக்கு சூடு உள்ள வரவே கூடாது. சிவகங்கை பூமத்திய ரேகையிலருந்து வடக்க 10 டிகிரிக்கு கொஞ்சம் கம்மி, அதனால ஏப்ரல் நடுவுல மத்தியான வெயில் நேரா உச்சந்தலையில விழும், அதுக்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிக்கும். ஜூன்ல மத்தியானம் வடக்கு சுவர்லயே வெயில் படும், வெளிநாட்டுப் புத்தகத்துல இத சொல்ல மாட்டாங்க. ஆனா சூரியன் உயரத்துல இருக்கறதால 2 அடி சன்ஷேட்டே சுமார் 8 அடி சுவருக்கு நிழல் தந்துடும். டிசம்பர்ல வெயில் தெக்க சாயும், அப்ப அதே 2 அடிக்கு 3 அடி நிழல்தான், ஆனா அந்த மாசத்து வெயில் உள்ள வந்தா ஒண்ணும் ஆகாது. ஆக, வீட்டோட நீளச் சுவர் வடக்கயும் தெக்கயும் பாத்து இருந்தா நல்லது (பேஸ்மென்ட் முடிஞ்சதால இத இனி மாத்த முடியாது), ஜன்னல அந்த ரெண்டு பக்கமும் வைங்க, மேற்குல ஜன்னல் சின்னதா, பாத்ரூம் ஸ்டோர் ரூம் எல்லாம் முடிஞ்ச வரைக்கும் மேற்குப் பக்கம் தள்ளுங்க. நம்ம வெயில்ல அதிக சூடு வாங்குறது மாடிதான், அதனால மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளமும் வெள்ளை டைல்ஸும் கேட்டு வாங்குங்க.

பெரிய கண்ணாடிய விட்டா மிச்சமாகுற காசுல திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வாங்குற தலைக்கட்டு வரியும் கட்டலாம், ஒரு நடு முற்றமும் வைக்கலாம். வீட்டுக்காரர் பங்குனிப் பொங்கலுக்கு லீவு போட்டு வந்தா மத்தியானம் அந்த சன்ஷேட்டுக்குக் கீழ நிறுத்திக் காட்டுங்க, நிழல் எங்க விழுதுன்னு அவரே பாத்துக்குவார்.

கேள்வி: கட்டி முடிச்ச வீடு, மேற்கு சுவர் சாயங்காலம் அடுப்பு மாதிரி கொதிக்குது. இடிக்காம வழி இருக்கா?
(வாசகர், மானாமதுரை)

பதில்: இருக்கு. சாயங்கால வெயில் தாழ்வா வர்றதால சன்ஷேட் உதவாது, உள்ள திரை போட்டாலும் சூடு சுவருக்குள்ள வந்தப்புறம்தான் மறைக்குது. வெளியில சுவர விட்டு ஒரு அடி தள்ளி மறைப்பு வைங்க, கொடி ஏத்துன கம்பி வலையோ தென்னங்கீத்துத் தட்டியோ எதுன்னாலும் சரி, நடுவுல காத்து ஓடணும். கீத்துன்னா திருவிழாவுல வாணவேடிக்கை நடக்குற ராத்திரிக்கு முன்னாடியே கழட்டி உள்ள வச்சிடுங்க.