பத்து நிமிடத்தில் பாய் ஏறுமா? படகில் குடியிருப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: 9 மீட்டர் பாய்மரப் படகில் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். கேபினைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் கிளம்பலாம் என்றால், எல்லாவற்றையும் எடுத்து வைப்பதிலேயே அரை நாள் போய்விடுகிறது. ஏன்?

பதில்: வீட்டு ஒழுங்கு வேறு, படகு ஒழுங்கு வேறு. மேசை மேல் அடுக்கிய புத்தகங்களும், அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணெய்க் குப்பியும் துறையில் கட்டிக்கிடக்கும் வரைதான் ஒழுங்கு. காற்றில் படகு 25 டிகிரி சாய்ந்தால் எல்லாம் தரைக்கு வந்துவிடும். ஒருநாள் கேபின் நடுவில் நின்று, வலப்பக்கம் சாய்ந்தால் எது விழும், இடப்பக்கம் சாய்ந்தால் எது விழும் என்று நிதானமாகப் பாருங்கள். விழக்கூடிய ஒவ்வொன்றுக்கும் விளிம்பு வைத்த தட்டோ, வலைப்பையோ, தாழ்ப்பாள் போட்ட கதவோ வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்காத பொருளைக் கரையில் விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் விட்டுவிடுங்கள்.

கருவிப்பெட்டி, உணவு டின்கள், உதிரிச் சங்கிலி போன்ற கனமானவை படகின் நடுப்பகுதியில், தாழ்வாக இருக்கட்டும். முன்முனையிலும் பின்முனையிலும் பாரம் ஏறினால் படகு ஒவ்வோர் அலையிலும் தலையாட்டித் தலையாட்டி வேகத்தை இழக்கும்.

இன்னொன்று. படுக்கப் போகும் முன் பாத்திரங்களைக் கழுவி உள்ளே வையுங்கள். காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிக்கும் திறந்த பள்ளத்தில், எதுவும் கிடக்க வேண்டாம். ஒருமுறை நள்ளிரவில் காற்று திசை மாறி எங்கள் நங்கூரம் இழுபட்டது. எஞ்சின் சாவியைத் தேடி இருட்டில் துணிக்குவியலைக் கிளறிய அந்த இரண்டு நிமிடங்களை நான் மறக்கவே மாட்டேன். அன்றிலிருந்து சாவிக்கும் டார்ச்சுக்கும் ஒரே இடம்தான். இரண்டும் படிக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

கேள்வி: மெத்தைக்கு அடியில் பூஞ்சை. துடைத்தாலும் திரும்பி வருகிறது.

பதில்: ஈரம் பெரும்பாலும் உங்களிடமிருந்தே வருகிறது. இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஒரே இரவில் கால் லிட்டருக்கு மேல் நீர் வெளியேறும். அடுப்பும் சேர்ந்துகொள்கிறது: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். இந்த ஈரம் குளிர்ந்த படகுச் சுவரில் பட்டு நீராகி, மெத்தைக்கு அடியில் இறங்குகிறது. மெத்தையைப் பலகை மேல் நேரடியாகப் போடாமல், இடைவெளி விட்ட மரச்சட்டங்கள் மேல் போடுங்கள். காற்று ஒரு வழியாக உள்ளே வந்து இன்னொரு வழியாக வெளியே போக வேண்டும். ஒரே ஒரு திறப்பு இருந்தால் பயனில்லை. கடல்நீர் பட்ட துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் உள்ளே கொண்டுவராதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தத் துணி முழுசாகக் காயாது.

கேள்வி: பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. சகஜம்தானே?

பதில்: எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் காய விடுங்கள். வெள்ளையாக உப்பு படிந்தால் கடல்நீர். புரொப்பல்லர் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடம், கடல் வால்வுகள் (படகின் அடியில் நீர் வந்துபோகும் துளைகளை மூடுபவை), அவற்றின் குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள். படியவில்லையென்றால் தண்ணீர்த் தொட்டியோ, மேல்தளத்து மழைக் கசிவோ காரணமாக இருக்கலாம். பில்ஜை ஸ்பாஞ்சால் ஒற்றி வறட்சியாக வைத்திருந்தால்தான் புதிதாக வரும் நீர் கண்ணில் படும். வாரம் ஒருமுறை பம்பின் மிதவை சுவிட்சைக் கையால் தூக்கி, பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். தலைமுடியும் காகிதத்துண்டும் அதை அடைத்துவிடும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பில்ஜில்தான் போய்த் தேங்கும். அதனால் சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள்.

கேள்வி: கழிவறையை எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லை.

பதில்: குழாயில் தேங்கிய கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகுவதும் ஒரு காரணம். படகை விட்டு இரண்டு நாள் போவதாக இருந்தால், கடைசியாக நல்ல தண்ணீரை ஊற்றி பம்பு அடியுங்கள். அப்படியும் போகாவிட்டால், வெந்நீரில் நனைத்த துணியைக் கழிவுக் குழாயில் சுற்றிவிட்டு, பிறகு துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: மளிகையை அட்டைப்பெட்டியோடு ஏற்றலாமா?

பதில்: வேண்டாம், மடிப்புகளில் கரப்பான் முட்டை வரும். பெட்டியைக் கரையிலேயே பிரித்துவிடுங்கள். டின்களின் மேல் மார்க்கரால் பெயர் எழுதுங்கள், ஈரத்தில் லேபிள் கழன்றுவிடும்.

கேள்வி: மூன்று மாதமாகக் கட்டிய இடத்திலேயே இருக்கிறோம். திடீரென்று கிளம்ப முடியுமா?

பதில்: மாதம் ஒருமுறையாவது கிளம்பிப் பாருங்கள், ஒரு மணி நேரம் போதும். போகும் முன் கடல் வால்வுகள் எல்லாவற்றையும் மூடித் திறங்கள். அசைக்காத வால்வு இறுகிவிடும். வால்வு உடைந்தால் துளையை அடைக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கேற்ற மர ஆப்பு கட்டியிருக்கட்டும். லெட் ஆசிட் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதிதான் மிச்சம். வெளியே போனதும் பாய்களை முழுசாக ஏற்றி, தையலை வெயிலில் பாருங்கள். எஞ்சினை வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். படகு மந்தமாக நகர்ந்தால் புரொப்பல்லரில் சிப்பி பிடித்திருக்கலாம்; எஞ்சினை நிறுத்திய பிறகு, தள்ளிப்போடாமல் அதைச் சுரண்டிவிடுங்கள்.