தோட்டத்தை அடகு வைக்காதீர்கள் அம்மா, பாப்பாவை இயற்பியல் படிக்க வையுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறாள், விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிசொல்லும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், கோவையில் ஒருவர் அந்த வேலைக்கான ‘ஏடிசி கோர்ஸ்’ என்று மூன்றரை லட்சம் கேட்கிறார், ஒன்றரை ஏக்கர் தேயிலையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அவருக்கு முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் இந்த வேலைக்குப் பணம் கட்டிப் பயிற்சி முடித்துவிட்டு வேலை தேடுவது கிடையாது. வேலை கிடைத்த பிறகுதான் பயிற்சி. மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையம், எல்லோரும் ஏஏஐ என்று சொல்வது, தேர்வு வைத்து ஜூனியர் எக்சிக்யூட்டிவ் பதவிக்கு ஆள் எடுக்கிறது. எடுத்தவர்களை அதுவே தன் பயிற்சி நிலையத்துக்கு அனுப்புகிறது. பிரயாக்ராஜில் 1948 முதல் நடக்கும் கல்லூரி அதில் பழையது. ஐதராபாத்திலும் மகாராஷ்டிராவின் கோந்தியாவிலும் நிலையங்கள் இருக்கின்றன. தனியார் தரும் சான்றிதழுக்கு இந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் குன்னூர் பக்கத்து அப்பா ஒருவர் பி.எஃப். பணத்தை எடுத்து இப்படி ஒரு இடத்தில் கட்டினார். பையன் என்னிடம் வந்தபோது கையில் பளபளவென்று ஒரு சான்றிதழ் இருந்தது. ஏஏஐ அறிவிப்பைத் திறந்து வரிவரியாக அவனோடு படித்தேன். அவன் முடித்திருந்தது பி.காம்., விண்ணப்பிக்கவே வழியில்லை. பணத்தை வாங்கியவர்கள் அந்த ஒரு கேள்வியை அவனிடம் கேட்கவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறுவதில்லை.

ஆகவே படிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் இப்போது உங்கள் வேலை. பி.எஸ்சி. என்றால் அதில் இயற்பியலும் கணிதமும் இரண்டுமே இருக்கவேண்டும். முழுநேரமாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டமாக இருக்கவேண்டும், அஞ்சல்வழி ஆகாது. பி.இ. என்றால் எந்தப் பிரிவும் சரி, ஏதாவது ஒரு செமஸ்டரில் இயற்பியலும் கணிதமும் பாடமாக இருந்தால் போதும். பி.எஸ்சி. இயற்பியல் எடுத்தால் கணிதம் துணைப்பாடமாக வருகிறதா, மதிப்பெண் பட்டியலில் அந்தப் பெயர் அச்சாகிறதா என்று சேரும்போதே கேளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எஸ்சி.யில் கணிதம் இருந்து இயற்பியல் இல்லாமல் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு இயற்பியல் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஊட்டி அரசு கலைக் கல்லூரி இயற்பியலே என் முதல் யோசனை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், கட்டணமும் கையைக் கடிக்காது. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பொறியியல்தான் என்றால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. இரண்டுக்குமே தோட்டத்துப் பத்திரம் வங்கிக்குப் போகவேண்டியதில்லை.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. கணினியில் 120 கேள்வி, 120 நிமிடம். பாதி கணிதமும் இயற்பியலும், மீதி ஆங்கிலம், ரீசனிங், பொது அறிவு மாதிரியானவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வயது வரம்பு 27, ஓபிசிக்கு மூன்று வருடமும் எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருடமும் சலுகை. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. இடங்கள் வருடத்துக்கு வருடம் மாறும். நாடு முழுவதற்கும் 2023-இல் 496, 2025-இல் 309. போட்டி கடுமைதான், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சம்பள விகிதம் 40,000 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. பயிற்சிக்குப் பின் சில வருடம் விட்டுப் போகமாட்டேன் என்று பிணைப் பத்திரம் எழுதித் தரவேண்டியிருக்கும். வேலை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கலாம்.

ஒரு விஷயம், நம் ஊரில் பலர் கடைசி நேரத்தில் தடுக்கி விழுவது இங்கேதான். நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்று இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்று வேண்டும். விண்ணப்பம் போடும் வருடத்தில் அறிவிப்பு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் மனு கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் கண். இதை இந்த மாதமே பார்த்துவிடவேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்தால் குரல் சோதனை, மனநலச் சோதனை, போதைப்பொருள் சோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வரிசையாக வரும். கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் யாரையும் தள்ளிவிடமாட்டார்கள். கண்ணாடியோடு பார்வை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கண் மருத்துவரிடம் ஒரு புத்தகம் இருக்கும். பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள், அதற்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண். பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாதவர்களுக்கு அந்த எண் கண்ணில் படாது. பெண்களுக்கு இந்தக் குறை அபூர்வம். ஆனாலும் பத்து நிமிட வேலை, செய்துவிடுங்கள். நான்கு வருடம் கனவு கண்டு மருத்துவ அறையில் உடைந்துபோன ஒரு பையனின் முகத்தைப் பார்த்த பிறகு, யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். குன்னூருக்கு அருகே காட்டேரி பக்கம் 2021 டிசம்பர் 8 அன்று ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததற்குப் பிறகு வானத்தில் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறுகிறது, என் மகள் உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஒன்று நடந்தால் பழி அவள் தலையிலா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்பதுதான் விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். நம் மலையில் மூடுபனி எப்படி ஒரு நொடியில் கண்ணை மறைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கன்ட்ரோலரின் வேலை தனி ஆள் சுமக்கும் வேலை இல்லை அம்மா. கோடநாடு காட்சிமுனையில் நின்றால் உயரத்தில் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு போகும் விமானங்கள் தெரியுமே, அவற்றைச் சென்னையில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலும் கீழுமாகக் குறைந்தது 1000 அடி, இல்லையென்றால் பக்கவாட்டில் குறிப்பிட்ட தூரம் இருக்கும்படி ஒன்றையொன்று விலக்கி வைப்பார்கள். அதையும் மீறி நெருங்கினால் விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் கருவி உண்டு. பயிற்சி நிலையத்தில் பொம்மைத் திரையில் பழகி முடித்துப் பணியிடத்துக்குப் போன பிறகும், புதிதாக வந்தவர் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தப்பு வருகிறது என்றால் அவரே பேசிவிடுவார். அந்த இடத்துக்கான தகுதிச் சோதனையில் தேறும்வரை மைக்கைத் தனியாகக் கொடுக்கமாட்டார்கள். இரவுப் பணி உண்டு, அது உடம்பை வாட்டும். ஆனால் திரை முன்னால் விடாமல் மணிக்கணக்கில் உட்கார வைப்பதில்லை, இடையில் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும்.

தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் வருமா என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. இந்த வேலைக்கு மேடை ஆங்கிலம் தேவையில்லை. தெளிவாக, பதறாமல், ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். 150 என்பதை ‘வன் ஃபைஃப் ஸீரோ’ என்பார்கள். ஃபைவ் என்றால் நைன் என்று காதில் விழுந்துவிடும் என்பதால் ஃபைஃப், நைனர் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். கன்ட்ரோலர் ஓர் உயரத்தைச் சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். திருப்பிச் சொன்னதில் ஓர் எண் பிசகினாலும் கன்ட்ரோலரின் காது அதைப் பிடித்து உடனே திருத்தவேண்டும்.

இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது, செலவில்லாதது. உங்கள் இலைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அதிலுள்ள எடைகளை ஒவ்வோர் எண்ணாக ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். நீங்களோ அவளுடைய தம்பியோ திருப்பிச் சொல்லுங்கள். ஐந்தாறுக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றிச் சொல்லுங்கள், ரேடியோவையும் சத்தமாக வைத்துவிடுங்கள். எத்தனை முறை பிடித்தாள், எத்தனை முறை நழுவவிட்டாள் என்று அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஊட்டிக்கு வரும்போது அந்த நோட்டையும், கண் மருத்துவரின் சீட்டையும், பாப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.