ஆஸ்திரிய எஞ்சினுக்கு மணவாளக்குறிச்சியில் ஒரு வேலை

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பிய என் தாய்மாமா, தோட்டத்தில் ஓட்டும் எல்.ஜி.பி. பொம்மை ரயில் ஒன்றைக் கொடுத்தார். பச்சை நிறத்தில் சிறிய நீராவி எஞ்சின், நான்கு சக்கரம், பக்கவாட்டில் ‘ஸ்டைன்ஸ்’ என்று பெயர். மின்சாரத்தில் ஓடுகிறது. கிணற்றுக்கும் வாழைகளுக்கும் நடுவே தண்டவாளம் போட இடம் இருக்கிறது. இதை நம் மாவட்டத்தில் அந்தக் காலத்தில் ஓடிய எஞ்சினாக, முடியாவிட்டால் ஊட்டி மலை ரயில் எஞ்சினாக மாற்ற ஆசை. எங்கே தொடங்குவது? உப்புக்காற்று தாங்குமா?
— வாசகர், குளச்சல்

பதில்: முதல் ஆசைக்கு வரலாறு இடம் தரவில்லை. குமரி மாவட்டத்துக்கு ரயிலே 1979 ஏப்ரலில்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை, எடுத்த எடுப்பிலேயே அகலப் பாதை. திருநெல்வேலிப் பக்கத்து இணைப்பு 1981இல் சேர்ந்தது. மீட்டர் கேஜ் ரயில், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் (1000 மில்லிமீட்டர்) அகலமுள்ள பாதையில் ஓடுவது, இங்கே ஓடியதே இல்லை. அந்தக் காலத்தில் மீட்டர் கேஜைப் பார்க்க நம்மவர்கள் ஒரு பக்கம் திருநெல்வேலிக்கும் இன்னொரு பக்கம் திருவனந்தபுரத்துக்கும்தான் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆசையும் வேண்டாம் என்பேன். ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தது. எட்டு இயக்கு சக்கரங்கள், பின்னால் இரண்டு தாங்கு சக்கரங்கள், நடுவிலுள்ள பல்தண்டவாளத்தைக் கடித்து ஏறும் பல்சக்கரத்துக்கெனத் தனியாக இரண்டு சிலிண்டர்கள். நான்கு சக்கர எஞ்சினுக்கு நீல வண்ணம் அடித்து அதன் பெயரைச் சூட்டினால், ஊட்டி ரயிலில் ஒருமுறை போய்வந்த குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

உங்கள் கையில் இருப்பது சாதாரணப் பொருள் அல்ல. எல்.ஜி.பி. தோட்ட ரயில்கள் 1968இல் சந்தைக்கு வந்தபோது முதலில் வந்த எஞ்சினே இந்த ஸ்டைன்ஸ்தான். அதன் அசல் எஞ்சின் ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில் இருக்கிறது. ஸ்டைன்ஸ் என்ற சிற்றூருக்கு 1892இல் 760 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். அதற்காக லின்ஸ் நகரத்து கிராவுஸ் தொழிற்சாலை கட்டிக் கொடுத்த சின்ன எஞ்சின் அது. தண்ணீரையும் கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும். பின்னால் அவற்றைச் சுமக்கும் டெண்டர் என்ற தனி வண்டி கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மாடல் 22.5இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. அந்தக் கணக்கில் 760 மில்லிமீட்டர் பாதை ஏறக்குறைய 34 மில்லிமீட்டராகத்தான் வர வேண்டும். ஆனால் உங்கள் தண்டவாளம் 45 மில்லிமீட்டர். ஆயிரத்தை 22.5ஆல் வகுத்தால் 44.4 வருகிறது. அதாவது அந்தத் தண்டவாளம் மீட்டர் கேஜுக்குத்தான் பொருத்தம். ஆஸ்திரியாவுக்குச் சற்றே பிசகிய இந்த அளவு தென்னிந்தியாவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான்: இல்லாத ரயில்வேயின் எஞ்சினைப் போலி செய்யாமல், இருந்திருக்கக்கூடிய ஒரு தொழிற்சாலை ரயிலைக் கற்பனை செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணவாளக்குறிச்சி இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் கண்டுகொண்டவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர். அக்காலத்து எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்கு, அதாவது சூட்டில் ஒளிரும் வலைக்கு, தோரியம் தேவைப்பட்டது; மோனசைட்டில் தோரியம் உண்டு. அவர் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையைத் தொடங்கினார். ஜெர்மன் முதலாளி ஒருவர் மணல் வண்டிகளை இழுக்கத் தனக்குத் தெரிந்த ஜெர்மானிய மரபுப் பட்டறையிலிருந்து பழைய எஞ்சின் ஒன்றைக் கப்பலில் வரவழைத்துக் குளச்சலில் இறக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பாதை அங்கே இருந்ததில்லை, கதைதான். ஆனாலும் உங்கள் எஞ்சின் முகத்தில் ஆஸ்திரியக் களை ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கதையில் பதில் இருக்கிறது. எஞ்சினை முழுக்க மறைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது.

கதை முடிவானால் மாற்றங்கள் தாமாக வந்து நிற்கும். அந்தக் காலத்தில் நாம் திருவிதாங்கூர். 1956 நவம்பரில்தான் தமிழகத்தோடு சேர்ந்தோம். எனவே தெற்கு ரயில்வே எழுத்துகள் வேண்டாம், அது 1951இல் உருவானது. ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு, அதில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை, ஓர் எண், அவ்வளவு போதும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருபவரிடம் தகட்டைக் கொடுத்தால் சிறு எழுத்துகளைக்கூட அழகாக வெட்டித் தருவார். உண்மையான தகடுகளில் எழுத்து மேலெழும்பி இருக்கும், இதில் குழிவாக இருக்கும். குழியில் கறுப்புப் பெயிண்டை நிரப்பித் துடைத்துவிட்டால் இரண்டடி தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

புகைபோக்கிதான் எஞ்சினின் முகத்தையே மாற்றும். கரி இறக்குமதி செலவு. விறகும் தேங்காய் மட்டையும் கொதும்பும் இங்கே கொட்டிக் கிடப்பவை. விறகில் ஓடும் எஞ்சின் பொறி கக்கும். வழியெல்லாம் ஓலைக் கூரைகள். எனவே பொறி தடுக்கும் குடம்போன்ற வயிறுள்ள புகைபோக்கி கட்டாயம். பி.வி.சி. குழாய்க்கான சிறு ரெடியூசர் இரண்டை வாய்க்கு வாய் ஒட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினால் அந்த வயிறு வந்துவிடும். எஞ்சினில் புகை எழுப்பும் கருவி இருந்தால் அதன் ஒயரைக் கழற்றிவிடுங்கள், பி.வி.சி.க்கு அந்தச் சூடு ஆகாது. கரித்தொட்டியில் வேப்பங்குச்சிகளை ஓரங்குல நீளத்தில் நறுக்கி அடுக்குங்கள்.

பின்புறம் திறந்திருந்தால் அங்கே ஒரு தார்ப்பாய்த் திரை தொங்க வேண்டும். நம் மழையில் திரையில்லாமல் எந்த ஓட்டுநரும் வண்டி எடுக்க மாட்டார். பழைய குடைத்துணி போதும், நீர்த்த பசையில் நனைத்துச் சுருட்டிக் கட்டினால் மடிப்பு அப்படியே நிற்கும். ஓட்டுநர் பொம்மை 75 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். பெட்டியோடு வந்தவர் ஐரோப்பியத் தொப்பிக்காரராக இருந்தால் தலையில் துண்டு கட்டிவிடுங்கள். முன்னாலும் பின்னாலும் நடுவில் உள்ள பஃபரை, அதாவது வண்டிகள் ஒன்றோடொன்று முட்டும்போது தாங்கும் பாகத்தை, தொட வேண்டாம், நம் மீட்டர் கேஜிலும் பஃபர் நடுவில்தான்.

வண்ணம் அடிக்கும்போதுதான் பலர் சொதப்புகிறார்கள். உடல் பிளாஸ்டிக், சாதாரண தின்னர் பட்டால் இளகிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்து, 800 எண் நீர்த்தாளால் மெல்லத் தேய்த்து, கார் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிய படலமாக அடியுங்கள். கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும். மழை ஈரம் உள்ள நாளில் ஸ்ப்ரே செய்தால் பெயிண்ட் மேல் வெள்ளை பூத்துவிடும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதக் காலைகள்தான் உத்தமம். நிறம் கறுப்பு, ஆனால் சுத்தக் கறுப்பு பிளாஸ்டிக்காகவே தெரியும். சிறிது பழுப்பு கலந்து, கடைசியில் பளபளப்பில்லாத கிளியர் கோட் அடியுங்கள். துருவைச் சக்கரப் பக்கத்திலும் தொட்டியின் அடிவிளிம்பிலும் மட்டும் காட்டுங்கள். உடம்பெல்லாம் துருவடித்தால் ஆக்கர் கடைச் சரக்காகிவிடும்.

மணல் வண்டிகளுக்கு உண்மையான கடற்கரைக் கருமணல் வேண்டாம். அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு, மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம். ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பல்சக்கரத்தை அரைத்துவிடும். அந்த மணலை அள்ளுவது சட்டச் சிக்கலும்கூட. தெர்மகோல் மேட்டின்மேல் பசை தடவி, சலித்த ஆற்று மணலைத் தூவிக் கறுப்படித்தால் போதும்.

உப்புக்காற்றுக்குப் பித்தளைத் தண்டவாளம் உடைந்துபோகாது, கறுத்துப்போகும். கறுத்தால் மின்சாரம் எஞ்சினுக்கு ஏறாது, திக்கித் திக்கி ஓடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் துடைத்தால் போதும். முரட்டு உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு சேர்ந்து இன்னும் சீக்கிரம் கறுக்கும். குளச்சலில் கடலோர வீடு என்றால் இந்த வேலை முடிவே இல்லாதது. அலுத்துவிட்டால் சக்கரத்தின் மின்தொடர்பைத் துண்டித்து, பின்னால் ஒரு மூடுவண்டியில் பேட்டரியும் ரேடியோ கருவியும் வைத்து ஓட்டுங்கள். கடற்கரைவாசிகளுக்கு நான் சிபாரிசு செய்வது இதையே. பேட்டரி வண்டியை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தண்டவாள மின்சாரத்திலேயே ஓட்டுவதானால் மின்மாற்றி வீட்டுக்குள் இருக்க வேண்டும், குறைந்த வோல்ட் ஒயர் மட்டுமே தோட்டத்துக்கு வரலாம்.

பல்சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மூரில் எல்லா இயந்திரத்துக்கும் உண்டு. இதற்கு வேண்டாம், பிசினாக இறுகிவிடும். பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸ் ஒரு துளி போதும்.

கத்தியை எடுக்கும்முன் ஒன்று: எஞ்சினோடு பழைய அட்டைப்பெட்டியும் கசங்காமல் இருந்தால் மாமாவிடம் எந்த ஆண்டு வாங்கியது என்று கேளுங்கள். 1960களின் இறுதியில் வந்த ஆரம்ப காலச் சரக்கு என்றால் அதை வெட்டாமல் அலமாரியில் வைத்துவிட்டு, பிற்கால ஸ்டைன்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கி அதில் கைவையுங்கள். ஏராளமாகச் செய்யப்பட்ட மாடல் என்பதால் கிடைப்பதில் சிரமம் இருக்காது.